ஏழாம் எண் முன்னோர்

எங்கள் பள்ளிக்கு அப்போது பதினொரு வாரம் வயது. அதன் பாரம்பரியத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைவு.

மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு ரப்பர் தவுக்கே, சீன முதலாளி, ஓடிப்போகும்போது விட்டுச்சென்ற மாளிகை அது. ஜப்பானியர் அதை எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு பலகையை நட்டு, இளைஞர் பயிற்சிப் பள்ளி என்று எழுதினார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் என்று நாற்பத்தெட்டுப் பேர் அங்கேயே தங்கி, மரவள்ளிக்கிழங்கு தின்று, ஒழுக்கம் கற்றோம். அணிக்குப் பன்னிரண்டு பேர். நாங்கள் நான்காம் அணி.

பள்ளித் தலைவர் கேப்டன் மொரியாமா. எழுபது வருஷப் பழமையுள்ள ராணுவப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியில் விடிகாலையில் பனிக்கட்டியை உடைத்துக் குளிப்பார்களாம். அந்த மரபை இங்கே கொண்டுவர அவர் மிகவும் முயன்றார். மலாக்காவில் பனி விழவில்லை. கிணற்றுத் தண்ணீரில் குளித்தோம், இதமாக இருந்தது. எங்கள் முகத்தில் அது தெரிந்துவிட்டது. அவர் மனம் உடைந்துபோய்த் திரும்பிப் போனார்.

அடுத்து, போரில் உயிர் நீத்த பழைய மாணவர்களின் படங்களை மாட்ட ஒரு சுவர் ஒதுக்கினார். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களும் நாங்களே என்பதால் படம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அந்தச் சுவரில் ஏற்கெனவே தவுக்கேயின் மாமியார் படம் ஒன்று தொங்கியது. வெறும் சுவருக்கு அது மேல் என்று கேப்டன் நினைத்திருக்க வேண்டும். தினமும் காலையில் அந்த அம்மாளுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் பயிற்சிக்குப் போவோம். மூன்று வாரத்தில் எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை கேப்டன் எங்களை வரிசையில் நிறுத்தி ஐந்து நிமிஷம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் நல்லையா பக்கத்தில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு இங்கிலீஷ் பள்ளியில் வாத்தியார். ஆறு வாரத்தில் ஜப்பானிய மொழி படித்துப் பாஸாகியிருந்தார். கேப்டன் முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு கர்னல் வாறார். பள்ளிக்கூடத்துக்கு என்ன பாரம்பரியம் இருக்கு எண்டு கேப்பார். உங்களட்ட ஏதும் இருந்தால் கொண்டுவாங்கோ. லீவு ஒருத்தருக்கும் இல்லை."

"அஞ்சு நிமிஷம் பேசினாரே ஐயா?" என்றேன்.

"மிச்சம் எல்லாம் கோபம் தம்பி. அது உங்களுக்கே முகத்தில விளங்கியிருக்கும்."

லீவு இல்லை என்றதும் என் பக்கத்தில் நின்ற தம்பிராஜா ஒரு சத்தம் போட்டான். காற்று இறங்கும் டயரின் சத்தம். காரணம் அவன் சட்டைப்பையில் இருந்தது. காலையில் வந்த கடிதம்.

எழுதியவர் கலியாணசுந்தரம். ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். இரண்டு வருஷமாகத் துணி வராததால் கடையை மட்டும் வைத்திருந்தார். அவர் மகள் கோகிலாவைத் தம்பிராஜாவுக்குப் பேசியிருந்தார்கள். நிச்சயதார்த்தம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. முதல் முறை எங்களைக் கிழங்குப் பாத்தி வெட்டக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் முறை, மாமியார் படத்துக்கு வணக்கம் வைக்கும்போது சிரித்ததற்காகத் தம்பிராஜா தண்டனையில் இருந்தான்.

கடிதத்தை அணி முழுக்க வாங்கிப் படித்தது.

"வரும் ஞாயிறு காலை ஒன்பதுக்கு மேல் பத்துக்குள் நல்ல நேரம். அதை விட்டால் ஆடி. உங்கள் பள்ளிப் பையன்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டதாகக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையை முழுசாக என் கண்ணால் பார்த்தால்தான் தட்டு மாற்றுவேன். இந்த முறையும் வராவிட்டால் முனிசிபல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"கிராணியா? ஆளு எப்படி?" என்று கேட்டான் சுப்பையன்.

"பல்லு நாலு இல்ல."

"ஆனா ஞாயித்துக்கிழமை லீவு இருக்கே."

தம்பிராஜா அவனை அடிக்க எழுந்தான். பிடித்து உட்கார வைத்தோம்.

அன்று மாலை சாப்பாட்டுக்குப் பிறகு நான்காம் அணியின் வீரப் பாரம்பரியத்தைத் தேடினோம். தேட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"எங்க தாத்தா காண்டாக் கம்பைத் தோள்ல வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் ரப்பர் பால் வாளியோட தினமும் அணிவகுத்துப் போவாரு" என்றான் சுப்பையன். "முன்னாடி கங்காணி. பின்னாடியும் கங்காணி. ஒருநாளும் ஓடிப்போனதில்ல."

செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளையின் மகனான மாணிக்கவாசகம் நேர்மையானவன். "எங்க பெரியப்பாரு இடி இடிச்சா அலமாரிக்குள்ள போயி உக்காந்துக்குவாக" என்றான்.

என் குடும்பத்தில் ஒருவர் தபாலாபீசில் சீல் குத்தினார். அதில் ஒருவித வேகம் இருந்ததாகச் சொல்வார்கள். அதைச் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியில் காசிவிஸ்வநாதன் வாயைத் திறந்தான். அவன் கம்போங் செட்டி என்ற பழைய தமிழர் கிராமத்துக்காரன். அவன் வீடு எங்கள் பள்ளியின் பின்வேலிக்கு அப்பால்தான். வீட்டில் கோயில் உண்டு, திருநீறு உண்டு, நீளமான தமிழ்ப் பெயர் உண்டு. பேச்சு மட்டும் மலாய். எங்களோடு சேர்ந்ததிலிருந்து தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல இந்த வாரம் பார்ச்சு" என்றான் சோகமாக. "பழ பார்ச்சு. நான் இல்லாம எல்லாரும் வயிறு முட்ட மக்கான் பண்ணுவாங்க."

"அது என்னடா பார்ச்சு?"

"செத்துப்போன தாத்தா, பாட்டி, அவங்க தாத்தா எல்லாருக்கும் எலை போடுவோம் லா. சோறு, கறி, டுரியான், மங்குஸ்தான். பேர் சொல்லிக் கூப்புடுவோம். ஒரு எலை கூடுதல், பேர் மறந்துபோனவருக்கு. அப்புறம் கதவைச் சாத்திட்டு வெளிய வந்துருவோம். அவங்க சாப்புடணும். யாரும் பாக்கக் கூடாது."

தம்பிராஜா நிமிர்ந்தான். "யாருமே பாக்கக் கூடாதா?"

"தா போலே, கூடாது. திரும்பிக் கண்ணை மூடி நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம். பத்து நிமிஷம்."

"காசி" என்றான் தம்பிராஜா, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "உங்க தாத்தாங்க மெதுவா சாப்புடுவாங்களா?"

காசி யோசித்தான். "பல்லு இல்லாதவங்க நெறைய பேர்" என்றான். "ஒரு மணி நேரம் ஆகலாம்."

மறுநாள் காலை கேப்டன் முன்னால் நானும் காசியும் போய் நின்றோம். விளக்கினேன். கேப்டன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"இதில ராணுவம் எங்கே எண்டு கேக்கிறார்" என்றார் நல்லையா.

இந்த இடத்தில் பொய் சொல்ல நான் தயாராகத்தான் போயிருந்தேன். காசி முந்திக்கொண்டான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் முன்னோர் சுல்தான் காலத்திலேயே மலாக்காவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள், போனார்கள். டச்சுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். வெள்ளைக்காரன் வந்தான், போனான். இவர்கள் காஜா பெராங்கிலேயே இருந்து வருஷம் தவறாமல் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள்.

நல்லையா இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு கையை உயர்த்தி வாள் வீசுவதுபோலக் காட்டினார். அது ஆறு வாரப் பாடத்தில் இருந்ததா என்று தெரியவில்லை. கேப்டனின் முதுகு நேரானது.

"மூண்டு பட்டாளத்துக்குப் பிறகும் இடத்தை விடாமல் நிண்டவை. இதைவிடப் பெரிய வீரம் இல்லை எண்டு சொல்றார்" என்றார் நல்லையா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்ததாப் போறது ஆரெண்டு அவர் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை" என்றார்.

பாரம்பரியம் அங்கீகாரம் பெற்றது. ராணுவக் கிடங்கிலிருந்து அரிசி வந்தது. அரிசியைப் பார்த்து மாணிக்கவாசகம் அழுதுவிட்டான்.

ஞாயிறு காலை காசியின் அம்மா அன்னம் தன் இரண்டு தங்கைகளோடு பின்வாசல் வழியாக வந்து சமைத்தார். தவுக்கேயின் நடுக்கூடத்தில் பதின்மூன்று வாழை இலைகள். சோறு, மீன் சம்பல், வெள்ளரிக்காய்க் கூட்டு, பழம் பழமாகக் குவியல். அடுப்பு வேலையை முடித்துக்கொண்டு அன்னம் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கர்னலும் வந்தார். சின்ன உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்தார். மாமியார் படத்தின் முன் நின்று, இவர் எந்தப் போரில் இறந்தார் என்று விசாரித்தார். கேப்டன் காதில் விழாதவர்போல் இருந்துவிட்டார்.

காசி முன்னோரைப் பெயர் சொல்லி அழைத்தான். சரியாக ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. நாற்பத்தெட்டு மாணவர்களும் ஒரு கேப்டனும் ஒரு கர்னலும் மாளிகைக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்த்து நின்று கண்களை மூடினோம். வாசல் காவலில் இருந்த சிப்பாயும் மூடினான்.

அணியில் நான் ஆறாம் எண், தம்பிராஜா ஏழு, காசி எட்டு. என் வலப்பக்கத்தில் புல் மெல்ல நசுங்கியது. பிறகு பின்பக்கத்திலிருந்து சைக்கிள் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் டயர் கிடையாது. தண்ணீர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டி ஓட்டுவார்கள். கட்டிய இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று தரையில் அடிக்கும்.

கர்னல் கண்ணைத் திறக்காமலே ஏதோ கேட்டார்.

"அவர் சாப்பிடுற சத்தமோ எண்டு கேக்கிறார்" என்று நல்லையா கிசுகிசுத்தார்.

"மங்குஸ்தான் உடைக்கிறாங்க" என்றான் காசி.

திட்டம் சுலபமானது. போக இருபது நிமிஷம், தட்டு மாற்றப் பத்து நிமிஷம், வர இருபது நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது எப்படி என்று யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக டுரியான் வாசனை வந்து ஒவ்வொருவர் மூக்காகத் தொட்டுவிட்டுப் போனது. சுப்பையன் வயிறு பேசியது. மாணிக்கவாசகத்தின் வயிறு பதில் சொன்னது.

பத்து மணிக்கு மணி அடித்தது. என் வலப்பக்கம் காலியாக இருந்தது.

அன்னம் சந்தோஷமாகப் பின்பக்கம் போய் நாய் வராமல் இருக்கப் பின்கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தார். அது திட்டத்தில் இல்லை.

கூடத்துக்குள் வரிசையாக நின்றோம். ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை சொல்ல ஆணை வந்தது. முதல் மூன்று அணியும் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சொல்லி முடித்தன. எங்கள் முறை.

"இச்சி!" "நி!" "சான்!" "சி!" "கோ!"

"ரோக்கு!" என்று நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் கத்தியதில்லை.

அடுத்து ஏழு. ஏழு அப்போது ஜாலான் பெண்டஹாராவில் இருந்தது.

கூடத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. கேப்டனின் கழுத்து மெல்லச் சிவந்தது. கர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலியிடத்தைப் பார்த்தார். ஓடிப்போனவனுக்கு என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சயாம் ரயில் பாதை போடப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை, அது கடைத்தெரு வதந்தி மட்டும் அல்ல.

காசி ஓரடி முன்னால் வந்தான். வணக்கம் வைத்தான். மலாயில் பேசினான், கேப்டனுக்கும் சந்தை மலாய் புரியும், கர்னலுக்கு நல்லையா சொன்னார். ஒவ்வொரு வருஷமும் ஓர் இலை பெயர் மறந்துபோன முன்னோருக்கு. அவரைக் கூப்பிடப் பெயர் இல்லாததால் வரிசையில் அவருக்கு இடம் விடுகிறோம். அவருடைய எண் ஏழு. அதை உயிரோடிருப்பவர் சொல்லக் கூடாது.

பிறகு ஓரடி பின்னால் போய் நின்று, "ஹாச்சி!" என்றான்.

"கு!" என்றான் அடுத்தவன், வியர்வையோடு.

பன்னிரண்டு வரை போயிற்று. எண்கள் முடிந்ததும் கர்னல் மெல்ல நடந்தார். பெயர் மறந்தவருக்குப் போட்ட பதின்மூன்றாவது இலையருகே போய்க் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் எடுத்து, இலை ஓரத்தில் வைத்தார். திரும்பியபோது மூக்குக்கண்ணாடியை மறுபடியும் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு பேசினார்.

நல்லையா இந்த முறை சுருக்கவில்லை. "அவற்ற பட்டாளத்திலயும் அப்பிடி ஆக்கள் இருக்கினமாம். பேர் எழுத முந்திப் போனவை. இந்தப் பள்ளிக்கூடத்தில ஏழாம் நம்பர் எண்டைக்கும் அவைக்குத்தானாம். இதைச் சியோனானுக்கு, அதுதான் சிங்கப்பூருக்கு, எழுதி அனுப்பச் சொல்றார். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் வேணுமாம்."

கேப்டன் மொரியாமாவின் முகத்தில் எழுபது வருஷப் பாரம்பரியம் ஒரே நிமிஷத்தில் வந்து உட்கார்ந்தது. எங்களைச் சாப்பிடச் சொன்னார். அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றி எனக்குச் சோறு மட்டும்தான் நினைவிருக்கிறது.

பதினொன்றரைக்குக் கர்னலின் கார் கிளம்பியது. எல்லோரும் வாசலில் நின்று வணக்கம் வைத்தோம். கார் தெருமுனை திரும்பியதும், எதிர்முனையிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

தம்பிராஜா வந்தான். பின்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு முன்வாசலுக்கு வந்திருக்கிறான். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலையிலிருந்து உதிர்ந்து ஒட்டிய ஒரு சாமந்தி இதழ், வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. ஹேண்டிலில் ஒரு வாழைச்சீப்பு தொங்கியது. முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. கேப்டனைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான்.

கேப்டன் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சந்தனம். வெற்றிலை. வாழைச்சீப்பு. பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு கார் போன திசையைப் பார்த்தார்.

"எண்?" என்றார்.

"சிச்சி" என்றான் தம்பிராஜா. ஏழு என்று. கூடத்தில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

நான் என் வாழ்க்கையை முடித்துக்கொள்ளத் தயாரானேன். அவனைப் பிடித்தால் ஏழாம் எண் பெயர் மறந்த முன்னோர் இல்லை என்றாகிவிடும். ஏழாம் எண் முன்னோர் இல்லை என்றால், கர்னல் சிகரெட் வைத்தது யாருக்கு? சியோனானுக்கு என்ன எழுதுவது? இதையெல்லாம் நான் யோசித்த வேகத்தில்தான் கேப்டனும் யோசித்திருக்க வேண்டும். அவர் முகத்தில் கோபம் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனது.

குதிகாலைச் சேர்த்து, தம்பிராஜாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு பேசினார்.

"முன்னோர் எப்ப வருவார் எப்ப போவார் எண்டு கேக்கிறது மரபில்லையாம்" என்றார் நல்லையா. "ஆனால் இந்த முன்னோர் பணிவானவராம். இண்டையிலயிருந்து ஒரு மாசம் கக்கூஸ் முழுக்க அவர்தான் கழுவுவாராம்."

"சரிங்க ஐயா!" என்றான் தம்பிராஜா. அவ்வளவு மகிழ்ச்சியோடு அந்த வேலையை யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

குளிக்கும் இடத்தில் அவனைச் சூழ்ந்துகொண்டோம்.

"ஏன்டா லேட்டு?"

"நேரமாவே போயிட்டேன்டா! ஒம்பதே காலுக்கு அங்க நிக்கிறேன். மாமா கரித்தூளால பல்லு வெளக்கிக்கிட்டு பனியனோட வர்றாரு. 'என்ன மாப்ளே, வெள்ளனயே வந்துட்டீக?'ங்கறாரு. 'ஒம்பது தாண்டிருச்சு மாமா'ன்னேன். 'அது உங்க கேப்டன் கைக்கடியாரத்துல. பஞ்சாங்கத்துல ஏழே முக்கால்தான்'னுட்டாரு."

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஜப்பானியர் வந்ததும் மலாயாக் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரமாக்கியிருந்தார்கள். பதினொரு வாரம் டோக்கியோ நேரத்தில் எழுந்து டோக்கியோ நேரத்தில் பசித்து, நல்ல நேரமும் அதில்தான் வரும் என்று நம்பிவிட்டோம்.

"இப்பவே தட்டை மாத்துங்க மாமான்னு காலைப் புடிக்காத குறை. 'ராகுவும் எமகண்டமும் ஜப்பான்காரன் வாட்ச் கட்டலை, உக்காருங்க'ன்னாரு. நம்ம மணிக்குப் பத்தரை வரைக்கும் உக்கார வச்சுட்டாரு. கோகிலா மட்டும் ரெண்டு தடவை காப்பித்தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"'சயாமுக்குப் போகலையா?'ன்னு கேட்டுச்சு."

"நீ?"

"'கக்கூஸ் கழுவக்கூட விடமாட்டாங்க, அவ்வளவு மரியாதை'ன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு எண்ணிக்கையில் ஏழாம் எண்ணை யாரும் சொன்னதில்லை. நான் ஆறு என்பேன். ஓர் ஈ பறக்கும் நேரம் விட்டு, காசி எட்டு என்பான். எண்ணில் இல்லாதவன் இருக்கிறானா இல்லையா என்று கேட்க விதியில் இடமில்லாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிராஜா காப்பித்தண்ணி குடிக்கப் போய்வந்தான். முன்னோருக்கென்று தினமும் வைத்த இலைச் சோறும் அவனுக்கே போயிற்று. இரண்டு ரத்தல் எடை கூடினான். மற்றவர்கள் எங்கள் எண்களை வெறுக்கத் தொடங்கினோம்.

ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகை அச்சடிக்கக் காகிதம் இல்லை. கலியாணசுந்தரம் நேரில் வந்து வெற்றிலைத் தட்டோடு கேப்டன் முன்னால் நின்றார். கேப்டன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்லையாவிடம் மிகவும் சுருக்கமாக ஒன்று கேட்டார்.

நல்லையா கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"முகூர்த்தம் ஆருடைய மணிக்கூட்டில எண்டு கேக்கிறார். ஏழாம் நம்பரை ஒண்டரை மணித்தியாலம் பிந்தி அனுப்பவேணுமோ எண்டு."

மறுநாள் அறிவிப்புப் பலகையில், கேப்டனின் அழகான கையெழுத்தில், பள்ளியின் தொன்றுதொட்ட மரபுகளின் பட்டியலில் கடைசியாக ஒன்று சேர்ந்திருந்தது. ஆவணி மாதத்தில் ஒரு நாள் முன்னோருக்குக் காலை எண்ணிக்கையிலிருந்து விலக்கு, நான்காம் அணி அவரை ஊர்வலமாகக் கொண்டுபோய் விடும், சாப்பாடு அங்கேயே.

கீழே அடைப்புக்குறிக்குள், பழைய நேரம் என்று எழுதியிருந்தார்.